2950-க்கும் 4600-க்கும் நடுவில்

"பெட்டி 2950 காட்டுதுங்க. கையில புடிச்சா 4600 வருதுங்க," என்றார் பாய்லர் ஷிஃப்ட் ஆபரேட்டர். பெட்டி என்றால், பாய்லர் நீரில் கரைந்த உப்பை அளந்து, கூடினால் புளோடவுன் வால்வைத் திறந்து அந்த நீரை வெளியேற்றும் கன்ட்ரோலர். கையில் பிடிப்பது என்றால், அதே நீரைச் சாம்பிளாக வெளியே பிடித்து மீட்டரில் பார்ப்பது.

"சுடச்சுடப் புடிச்சா அப்படித்தாங்க காட்டும். கூலர் வழியாப் புடிங்க."

"கூலருக்குத் தண்ணி வரலீங்க."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

நான் சொன்னது தப்பில்லை. 10 பாரில், 184 டிகிரியில் கொதிக்கும் பாய்லர் நீரைக் குளிர்விக்காமல் வெளியே பிடித்தால் ஏறக்குறைய 16 சதவீதம் ஆவியாகப் போய்விடும். உப்பு முழுக்க மிச்ச நீரில் தங்கும். போதாததற்குக் காஸ்டிக் காரமும் ரீடிங்கை ஏற்றும். காரத்தில் சிவக்கும் பினாப்தலீன் விட்டு, சிவப்பு மறையும்வரை அமிலம் சேர்த்து, 25 டிகிரியில் கடத்துதிறன் பார்த்து, 0.7-ஆல் பெருக்கினால்தான் அது பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு நீரில் எத்தனை பங்கு உப்பு என்பது. அவர் இதெல்லாம் செய்யவில்லை.

ஆனால் 4600-ஐ 0.84-ஆல் பெருக்க எவ்வளவு நேரம் ஆகும்? 3864. பெட்டி நிறுத்திவைக்க வேண்டிய செட்பாயிண்ட் 3000, எங்கள் உச்சவரம்பு 3500. மிச்சத்தைக் காரத்தின் தலையில் கட்டலாம்தான். இப்போதும் சில நாள் அப்படிக் கட்டிப் பார்க்கிறேன்.

அன்றே பாய்லர் நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் நுரை தளும்பியது. நீராவியோடு நீரும் போய், துணியைச் சுருக்கும் கம்பாக்டிங்கில் துணியெல்லாம் ஈரப்புள்ளி. பாய்லரை நிறுத்தி, பிரஷர் இறக்கி, பெட்டிக்காக நீரை அளக்கும் ப்ரோபைக் கழற்றினால் நுனியில் தீப்பெட்டி அட்டை கனத்துக்கு வெள்ளைச் செதில். கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னரை உப்புநீர் விட்டுப் புதுப்பிக்கும் ரீஜெனரேஷன் தள்ளிப்போனதால் கடினநீர் உள்ளே போயிருந்தது. செதில் மின்சாரத்தைத் தடுக்கும். கன்ட்ரோலர் நீர் நீர்த்திருப்பதாக நம்பி புளோடவுன் வால்வைச் சீக்கிரமே மூடிவிடும். செதிலைத் தேய்த்து எடுத்த பிறகுதான் பெட்டியின் எண்ணைச் சரிசெய்யும் காலிப்ரேஷன். தேய்க்காமல் எண்ணை மட்டும் ஏற்றிவைத்தால், செதில் உதிரும் நாளில் பெட்டி கூடுதலாகக் காட்டும். வால்வ் திறந்தே கிடந்து, எரித்த விறகெல்லாம் சாக்கடைக்குப் போகும்.

நான் கேட்டிருக்க வேண்டியது, வால்வ் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை. மணிக்கு 5 டன் நீராவி, பாய்லருக்குள் போகும் ஃபீட் நீர் 250 பிபிஎம். 3000-இல் நிறுத்த 250-ஐ 2750-ஆல் வகுத்து 5000-ஆல் பெருக்கினால், மணிக்குச் சுமார் 455 கிலோ நீரைப் புளோடவுனில் ஊத வேண்டும். 3864-இல் 346 கிலோதான் போகும். கால்வாசி குறைவு. இதற்கு சாம்பிளே வேண்டாம், கூலரும் வேண்டாம். ஆனால் அன்று நீராவி லோடு ஏறி இறங்கியது. திறந்த நேரம் குறைந்ததைப் பார்த்திருந்தாலும் லோடு குறைவு என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. லாக் புக்கில் அதற்குக் கட்டமும் இல்லை.

கூலருக்கு லைன் மறுநாள் போட்டோம். அரை இஞ்ச் பைப், எட்டடி, ஒரு பால் வால்வ்.