8 கிலோ ஹெர்ட்ஸ் கீச்சல் அடங்கியது

ஸ்பீக்கரில் இருந்த கீச்சல் ஒருவழியாக நின்றுவிட்டது. இதற்காக தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்புக்குப் போகவில்லை, மைக்கையும் ஸ்பீக்கரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸையும் மாற்றவில்லை. தீர்த்துவைத்தது ஒரு ஜோடி டி.ஆர்.எஸ். கேபிள் (முனையில் மூன்று தொடுபகுதி உள்ள பேலன்ஸ்டு கேபிள்).

வேகக் கணக்கு சுலபம். 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 1.152 மெகாபிட். பாட்டு, வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு மைக் என்று நாலு உள்ளே, நாலு வெளியே ஓடினாலும் 10 மெகாபிட்டைத் தொடாது. யூ.எஸ்.பி. 2.0-வின் வேகம் 480. டைப்-சி என்பது வாயின் வடிவம்தான். பல இன்டர்ஃபேஸ் பெட்டிகளுக்குள் இருப்பது அதே 2.0. இதற்கென்று கூடுதல் விலை சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு உள்ள பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் புது லேப்டாப்பில் செருக வாய் கிடையாது.

தொல்லை முழுக்கக் கரன்ட்டிலும் எர்த்திலும்தான். யூ.எஸ்.பி. 2.0 நொடிக்கு 8000 மைக்ரோஃப்ரேம் (தரவு அனுப்பும் குட்டி நேரத் துண்டு) அனுப்புகிறது, அதாவது 8 கிலோ ஹெர்ட்ஸ். காதைக் கிழிக்கும் அந்தக் கீச்சலின் ஊற்று அதுதான். 50 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் அது மெயின்ஸ். எங்கிருந்து நுழைகிறது என்று பார்க்க இன்டர்ஃபேஸில் ஹெட்ஃபோனைச் செருகுங்கள். அதில் நிசப்தம், பதிவான டிராக்கும் சுத்தம், ஸ்பீக்கரில் மட்டும் கீச்சல், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் அதுவும் போய்விடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், எர்த் லூப்தான்: இரண்டு கருவிகளின் எர்த்தும் கேபிள் வழியாக ஒரு வளையமாகி, அதில் இரைச்சல் ஓடுகிறது. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு, இரண்டே தொடுபகுதி உள்ள டி.எஸ். கேபிளைக் கழற்றி இரு முனையிலும் டி.ஆர்.எஸ். போட வேண்டும். ஸ்பீக்கரில் ஆர்.சி.ஏ. (டி.வி.யில் இருக்கும் வட்டச் செருகி) மட்டும் இருந்தால், எர்த் இணைப்பைத் துண்டிக்கும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லைன் ஐசொலேட்டரை நடுவில் போடலாம். சார்ஜரின் மூன்றாவது பின்னை உடைக்கும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும். பதிவான டிராக்கிலேயே கீச்சல் இருந்தால் கதை வேறு: போர்ட்டின் 5 வோல்ட்டில் அழுக்கு. தனி அடாப்டர் உள்ள ஹப் போட்டுப் பார்க்கலாம்.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில், இதே துண்டிப்பை யூ.எஸ்.பி. வழியில் செய்யும் யூ.எஸ்.பி. ஐசொலேட்டர் கேட்டால் ஏ.டி.யூ.எம். 3160 அல்லது 4160 சிப் போட்ட குட்டிப் போர்டை எடுத்து நீட்டுவார்கள். இவை 12 மெகாபிட்டோடு சரி. 2.0 இன்டர்ஃபேஸை மாட்டினால் சேனல்கள் காணாமல் போகும், இல்லையென்றால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. 4166 போன்ற சிப் என்றால்தான் 480. மின்சாரத்தையும் பாருங்கள்: போர்டில் 1 வாட் கன்வர்ட்டர் இருந்தால் கிடைப்பது 200 மில்லி ஆம்ப், 48 வோல்ட் ஃபேன்டமோடு (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) இரண்டு கண்டென்சர் மைக்கை அது தாங்காது.

அடுத்து கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் தனித்தனி மைக் வைக்க உத்தேசம். ஏ.டி.ஏ.டி. ஆப்டிக்கல் (பல சேனல்களை ஒரே ஒளியிழையில் அனுப்பும் இணைப்பு) வழியாக 48 கிலோ ஹெர்ட்ஸில் 8 சேனல் வரும், 96-க்குப் போனால் நாலுதான். அதனால் 48-லேயே நிற்கப் போகிறது. பஃபரை (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் இடைத்தொகுப்பு) 64 சாம்பிளுக்கு இறக்கினால் கிளிக் சத்தம் வருகிறதா என்ற சோதனை இன்னும் பாக்கி. இப்போதைக்கு 128-ல் ஓடுகிறது, ஒரு பஃபருக்கு 2.7 மில்லி நொடி.