மயில்துத்தமும் கல்லுப்பும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடிப் பக்கம் பெய்த மழையை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நான் அப்போது சென்னையில் இருந்தேன். அங்கே உப்பளத்தில் கூலி வேலை செய்கிற சித்திக்கு மூன்று நாள் போன் போகவில்லை. நான்காம் நாள் கிடைத்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "அம்பாரம் பூராவும் கரைஞ்சு போச்சுட்டி" என்றாள். அம்பாரம் என்றால் உப்புக் குவியல். அது அவளுடைய உப்பும் இல்லை, கூலிக்கு வாரிய உப்பு. இருந்தாலும் அதைத்தான் முதலில் சொன்னாள்.

நான் எட்சிங் செய்கிறவள். மெழுகு பூசிய துத்தநாகத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்க விட்டு, பள்ளத்தில் மை ஏற்றி, ஈரத் தாளில் பிரஸ்ஸில் அழுத்தி எடுக்கிற படம். தமிழில் இதற்குப் பதிப்போவியம் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஆனால் ஸ்டூடியோவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பிரின்ட் போடுறேன்" என்போம். அந்தப் போனுக்குப் பிறகு உப்பைப் பற்றி ஒரு தொடர் செய்ய வேண்டும் என்று தோன்றியது. 2025 நவம்பரில் அது சென்னையில் என் தனிக் கண்காட்சியாக முடிந்தது. நடுவில் ஏறத்தாழ இரண்டு வருஷம். "ஷோ போடுறது எப்படிக்கா?" என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அழைப்பிதழில் தெரியாத பாதிதான் பெரிய பாதி.

2024 ஜனவரியில் ஊருக்குப் போனேன். உப்பளங்கள் சேறாகக் கிடந்தன, வரப்புகள் உடைந்திருந்தன. பிப்ரவரி கடைசியில்தான் பாத்திகளை மிதித்துச் சமப்படுத்த ஆரம்பித்தார்கள். தினமும் விடியக்காலை நாலரை மணிக்குச் சித்தியோடு போய் வரைவேன், போட்டோ எடுப்பேன். ஏழு மணிக்கு மேல் வெள்ளைப் பாத்தியில் வெயில் பட்டுக் கண்ணைத் திறக்க முடியாது. சித்தியும் கூட்டாளிகளும் மதியம் வரை அதில்தான் நிற்கிறார்கள்.

அங்கே ஒருநாள் கண்காணிப்பாளர் ஒரு கண்ணாடி மிதவையைப் பாத்தித் தண்ணீரில் விட்டு "இருபத்திநாலு" என்றார். எட்டிப் பார்த்தால் அளவு போமே டிகிரியில் இருந்தது, தண்ணீரின் அடர்த்தியைக் காட்டுகிற அளவு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செம்புத் தகட்டை அரிக்கிற ஃபெரிக் குளோரைடுக்கும் எங்கள் ஸ்டூடியோவில் இதே அளவுதான், 40 டிகிரி வாக்கில் வைப்போம். கடல் தண்ணீர் 3 டிகிரியில் ஆரம்பிக்கிறது. பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்ற வற்ற ஏறி, 25 தொடும்போது உப்பு பூக்கிறது. 29 தாண்டினால் மக்னீசியம் கூடிக் கசப்பேறிவிடும், அந்தத் தண்ணீரை வடித்து விடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருந்துக்காரர் ஒருவரின் அளவுகோல் சித்தி வேலை செய்கிற பாத்தியிலும் என் தொட்டியிலும் ஒன்றாக மிதக்கிறது! அன்று ராத்திரிதான் யோசனை வந்தது: தகட்டையே உப்பால் அரித்தால் என்ன?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. மயில்துத்தத்தையும் (காப்பர் சல்ஃபேட்) சாதா உப்பையும் தண்ணீரில் கலந்து துத்தநாகத்தை அரிக்கலாம் என்பது நைட்ரிக் அமிலம் ஆகாதவர்களுக்குத் தெரிந்த வழிதான். படிக்கிற காலத்தில் ஜன்னல் திறக்காத ஒரு அறையில் நைட்ரிக் புகையை மூன்று வருஷம் இழுத்திருக்கிறேன். இன்னமும் பனிக்காலத்தில் இருமல் விடாது. ஆகவே ஆசை பாதி, பயம் பாதி.

மயில்துத்தம் உரக்கடையில் கிடைத்தது. உப்பு சித்தி கொடுத்துவிட்டாள், ஐந்து கிலோ, பழுப்பேறிய கல்லுப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டிலும் 50 கிராம் என்று ஆரம்பித்தேன். மயில்துத்தம் மட்டும் போட்டால் வேலை சுணங்கும். உப்பு சேர்ந்ததும் நீலம் பச்சையாக மாறி, தகட்டை இறக்கிய சில நொடியில் கீறல்களிலிருந்து செம்மண் மாதிரி ஒன்று பொங்கி வரும். அது செம்பு. துத்தநாகம் கரைந்து தண்ணீருக்குள் போக, தண்ணீரிலிருந்த செம்பு வெளியே வந்து விழுகிறது. கோழி இறகால் அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் கோட்டை மூடிவிடும். புகை இல்லை, நாற்றம் இல்லை. நிறம் முழுக்க வெளுத்தால் கரைசல் தீர்ந்தது என்று அர்த்தம்.

எதிர்பாராமல் ஒன்று நடந்தது. மெழுகு பூசாமல் திறந்து விட்ட இடங்களில் தகடு சொரசொரவென்று அரிந்தது. நைட்ரிக்கில் இப்படி வராது, வழவழவென்று இறங்கும். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் ரோசின் தூள் தூவி, சூடு காட்டி, அக்வாடின்ட் போட்டால்தான் உண்டு. இங்கே உப்பே அந்த வேலையைச் செய்துவிட்டது. முதல் ப்ரூஃபை, அதாவது சோதனைப் பிரதியை, தூக்கிப் பார்த்தபோது காய்ந்த பாத்தியின் தரை அப்படியே தாளில் இருந்தது. பிரஸ்ஸில் கூட நின்ற மூத்த கலைஞர் ஒருவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதை ஜாஸ்தி பண்ணாத, அழகுல மயங்கிருவ" என்றார். அதற்குள் ஆறு தகடு அப்படியே செய்து முடித்திருந்தேன். அதில் நான்கைப் பிறகு தூக்கிப் போட்டேன். அவர் சொன்னது சரிதான்.

வேலை செய்த இடம் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மண்டல மையத்தின் கிராஃபிக் ஸ்டூடியோ. சொந்தமாகப் பிரஸ் வாங்க என்னைப் போன்றவர்களுக்கு வழியில்லை. அங்கே கட்டணம் கட்டி வேலை செய்யலாம் என்பதால்தான் சென்னையில் இந்தக் கலை பிழைத்துக் கிடக்கிறது என்பது என் எண்ணம். இருபது தகடு, ஒவ்வொன்றுக்கும் பத்து பிரதிக்கு மேல் இல்லை என்று எடிஷன் வைத்தேன். பத்தையும் உடனே அடிக்கவில்லை, நான்கு நான்காக எண்பது. தகட்டைச் சூடாக்கி மை ஏற்றி, கஞ்சி போட்ட வலைத்துணியால் துடைத்து, கடைசியில் சாக்பவுடர் தொட்ட உள்ளங்கையால் ஒரு துடை, ஊறிய தாளை ஒற்றி வைத்து, கம்பளியை இறக்கி, சக்கரத்தைச் சுற்றி... ஒரு பிரதிக்கு நாற்பது நிமிஷம். எண்பதுக்கு ஐம்பத்துமூன்று மணி நேரம், கெட்டுப்போனதைக் கணக்கில் எடுக்காமல். உள்ளங்கை ரேகையில் கறுப்பு போக ஒரு மாதம் ஆகும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாற என்னை யாரும் கூப்பிடுவதில்லை, அது ஒரு சௌகரியம்.

2025 பொங்கலுக்குப் பிரதிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வீட்டுத் தரையில் பாய் விரித்து வரிசையாகப் பரப்பினேன். சித்தியும் அவளோடு வேலை பார்க்கிற நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு சித்தி கேட்டாள்: "ஏட்டி, இது எந்த அளம்?"

"நம்ம அளந்தான் சித்தி. நீங்க வேலை பாக்கது."

"நம்ம அளத்துல மோட்டார் ரூம் இந்தப் பக்கமால்லா இருக்கும்?"

இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள்: "எல்லாவளும் இடங்கையால்லா வாருதாளுவ!" சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆயிற்று.

எட்சிங்கில் தகட்டில் வரைவது தாளில் இடம் வலமாகத் திரும்பித்தான் விழும். இது முதல் வகுப்புப் பாடம். எழுத்து வந்தால் மட்டும் ஜாக்கிரதையாகத் திருப்பி எழுதுவோம், ஆளுக்கும் நிலத்துக்கும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். சென்னையில் அந்தப் படங்களை ஓவியர்கள், விமர்சகர்கள் என்று இருபது பேராவது பார்த்திருப்பார்கள். ஒருத்தர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, அந்தப் பாத்திக்கு வடக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உப்பு வாரும் பலகையை எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே பிடிக்கிறது, எந்தத் தோள் இறங்குகிறது என்று ஒன்றரை மாதம் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தவள் நான். சித்திக்கு வலது தோள்தான் வலி. படத்தில் இடது தோளை வளைத்து வைத்திருக்கிறேன்.

ஆள் வருகிற நான்கு தகடுகளை மறுபடி செய்தேன். வரைந்த தாளைக் குப்புறப் போட்டு, முதுகு வழியாகத் தகட்டில் ஏற்றினேன். மூன்று மாதம் போயிற்று. நல்லவேளை, எந்தக் காட்சிக்கூடமும் அப்போது என்னைத் துரத்திக்கொண்டு இல்லை.

துரத்தாதது மட்டும் இல்லை, திரும்பியே பார்க்கவில்லை. விண்ணப்பங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினோரு இடத்துக்குப் போட்டேன். ஏழில் பதிலே இல்லை, மூன்றில் மறுப்பு, ஒன்றில் டெல்லியில் ஒரு குழுக் கண்காட்சிக்கு இரண்டு படம் கேட்டார்கள். கண்ணாடி போட்டு அனுப்பினேன். வழியில் ஒன்று உடைந்து, சில்லு தாளைக் கீறி விட்டது. கூரியரில் நஷ்ட ஈடு கேட்டபோது, 'ஓவியம்' என்று எழுதாமல் 'ஃபிரேம்' என்று எழுதியிருந்ததால் ஃபிரேமுக்குத்தான் பணம் என்றார்கள். வெளியூருக்குப் போவதென்றால் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் போடுங்கள். ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்று நின்று பாருங்கள்.

சென்னையில் இடம் கொடுத்தவர்கள் அந்த டெல்லிப் படத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். பத்து நாள் கண்காட்சி, விற்றால் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. சுவரில் ஒட்டும் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும் போதும் என்றார்கள். நான் தமிழிலும் எழுதினேன், அதுவும் முதலில் தமிழில். ஆங்கிலக் குறிப்பில் நான் எழுதிப் பழகிய பெரிய சொற்கள் எதுவும் தமிழில் உட்காரவில்லை. "இந்தத் தகடுகள் உப்பால் அரிக்கப்பட்டவை. உப்பு தூத்துக்குடியிலிருந்து வந்தது" என்று நின்றுவிட்டது. ஆங்கிலத்தையும் அதற்கேற்ப வெட்டினேன்.

இனி, வேர்த்த படங்களின் கதை. இருபதில் இரண்டு படங்களுக்கு, அச்சடித்த தாளை உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவிட்டிருந்தேன். தாள் விளிம்பில் உப்பு பூத்து, வெளிச்சம் பட்டால் மினுங்கும். சித்தி ஒரு கேனில் அளத்துத் தண்ணீரே கொடுத்துவிட்டிருந்தாள், 28 டிகிரி என்று பெருமையாகச் சொல்லி. மே மாதத்தில் அருமையாகக் காய்ந்தது. நவம்பரில் சுவரில் மாட்டினோம். கூடத்தில் ராத்திரி ஏசியை நிறுத்திவிடுவார்கள். இரண்டாம் நாள் காலையில் கண்ணாடிக்கு உள்ளே மூட்டம், அடியில் துளித் துளியாகத் தண்ணீர்.

காரணம் பிறகு புரிந்தது. சுத்தமான உப்பு காற்றில் ஈரம் 75 சதவீதம் தாண்டினால்தான் கசியும். மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். 28 டிகிரித் தண்ணீரில் அது நிறைய இருக்கும். ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலத்தைப் பின்னால் ஒட்டிப் பார்த்தேன். அரை நாளில் அது நிறைந்துவிட்டது. கூடத்தின் பொறுப்பாளர் இரண்டையும் இறக்கிவிடலாம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுவருக்கும் படத்துக்கும் இரண்டு இஞ்ச் இடைவெளி விட்டு மாட்டி, கீழே ஒரு வெள்ளை டைல்ஸ் பலகை வைத்தோம். காலையில் அதில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தேங்கியிருக்கும். சாயங்காலத்துக்குள் ஏசியில் காய்ந்து மெல்லிசாக உப்பு படிந்திருக்கும். வந்தவர்கள் பெரும்பாலும் அதைத்தான் போட்டோ எடுத்தார்கள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, நாற்பது நிமிஷம் துடைத்து எடுத்த படம் மேலே தொங்குகிறதே.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. ஒரு பிரதி 9,000 ரூபாய். ஒன்பது விற்றது: 81,000. கூடத்தின் பங்கு 27,000 போக என் கைக்கு 54,000. இருபது ஃபிரேமுக்கு, தலா 2,600 வீதம், 52,000. மீதி 2,000. தகடு, ஜெர்மன் தாள், மை, ஸ்டூடியோ கட்டணம், ரயில் எல்லாம் இதற்கு வெளியே. ஃபிரேம்கள் அடுத்த காட்சிக்கு உதவும் என்று அம்மாவிடம் சொன்னேன். "கட்டிலுக்கடியில் வச்சா கால் நீட்டிப் படுக்கது எப்படி?" என்றாள். பிரதிகள் இன்னும் நிறையக் கையில் இருக்கின்றன. கேட்கிறவர்கள் மெதுவாகக் கேட்பார்கள்.

தீர்ந்துபோன கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சலவைச் சோடா போட்டுக் கலக்கினால் மிச்சம் மீதி அடியில் படியும். தெளிந்ததை வடித்துவிட்டு மண்டியைக் காயவைத்துத் தனியாகக் கட்டி வையுங்கள். என்னிடம் ஒரு வாளி செம்பு மண்டி சேர்ந்திருக்கிறது. பழைய இரும்புக்கடைக்காரர் இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு எடுக்க மறுத்துவிட்டார்.

சித்தி கண்காட்சிக்கு வரவில்லை. நவம்பரில் அளம் கிடையாது, கூலியும் கிடையாது, இருந்தாலும் வீடு ஒழுகுகிறது என்று நின்றுவிட்டாள். வீடியோ காலில் ஒவ்வொரு படமாகக் காட்டினேன். மோட்டார் ரூம் இருக்கிற பக்கத்தைப் பார்த்துவிட்டு "ம்" என்றாள்.

வேர்க்கிற படங்களில் ஒன்றை மயிலாப்பூர்க்காரர் ஒருவர் வாங்கினார். எல்லாம் எடுத்துச் சொல்லி, பலகையும் கூடக் கொடுத்துத்தான் அனுப்பினேன். டிசம்பர் முதல் வாரம் விடாத மழை. காலை ஆறு மணிக்குப் போன். "மேடம், தண்ணி சோபாவுக்கு வந்துருச்சு."

"துடைக்காதீங்க சார்," என்றேன், "வெயில் வரட்டும்."