எடை குறைப்பு ஊசி: எத்தனை கிலோ, எத்தனை காலம்

செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஆகிய எடை குறைப்பு ஊசி மருந்துகளைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும்போது, எத்தனை கிலோ குறையும் என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. எவ்வளவு காலம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் மிகச் சிலர். நான் மருத்துவன் அல்லன். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு வாழ்பவன் என்பதால் இவற்றைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். படித்த அளவில், இம்மருந்துகளின் நன்மையையும் ஆபத்தையும் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாப்பிட்டவுடன் நம் குடல் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது, இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது, போதும் என்ற உணர்வை மூளைக்குத் தெரிவிக்கிறது. இயற்கையான ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களுக்குள் சிதைந்துவிடும். அதைப் போலவே செயல்படும் செமாக்ளூடைடோ பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்துக்கொள்வதால் வாரத்துக்கு ஓர் ஊசி போதுமாகிறது. டிர்செபடைடு இதனுடன் ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. இந்தியாவில் டிர்செபடைடு 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரிலும், உடற்பருமனுக்கான செமாக்ளூடைடு அதே ஆண்டு ஜூனில் வெகோவி என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தன.

பலன் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2021இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில், 68 வாரங்கள் செமாக்ளூடைடு போட்டுக்கொண்டவர்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 14.9 விழுக்காட்டை இழந்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்கள் இழந்தது 2.4 விழுக்காடு மட்டுமே. அடுத்த ஆண்டு வெளியான டிர்செபடைடு ஆய்வில், உயர்ந்த அளவில் அம்மருந்தைப் பெற்றவர்களுக்கு இது 20.9 விழுக்காடாக இருந்தது. எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2023இல் வெளிவந்த செலக்ட் ஆய்வு. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த, அதிக எடையுள்ள, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை செமாக்ளூடைடு பெற்றவர்களிடம் 20 விழுக்காடு குறைவாக நேர்ந்தன. இந்த 20 விழுக்காட்டைக் கேட்டு மலைத்துவிடவும் வேண்டாம்: மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நேர்ந்தது, மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறரைப் பேருக்கு நேர்ந்தது என்பதே அதன் பொருள். மாரடைப்பு வந்தவருக்கு அது பெரிய வித்தியாசம். கல்யாணப் புடவைக்காக ஐந்து கிலோ குறைக்க நினைப்பவருக்கு இந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை.

எடை குறைப்பு மருந்து என்றாலே மூத்த மருத்துவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் பரவலாக விற்ற ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் திரும்பப் பெறப்பட்டது. ஐரோப்பாவில் 2006இல் அனுமதி பெற்ற ரிமோனாபன்ட், மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் இரண்டே ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. சிபுட்ரமின் இந்தியாவிலும் விற்றது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் தெரியவந்தபின் 2011இல் இங்கே தடை செய்யப்பட்டது. ஜி.எல்.பி-1 வகை மருந்துகளுக்கு அவற்றிலிருந்து ஒரு வேறுபாடு உண்டு: 2005 முதல் சர்க்கரை நோய்க்குப் பயன்பட்டு வருவதால் இவற்றைப் பற்றிய அனுபவம் நீண்டது. ஆகவே பழைய அச்சத்தை அப்படியே இவற்றின் மேல் ஏற்றுவது நியாயமில்லை.

இவற்றுக்கே உரிய தொல்லைகளில் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு ஆகியவை மிகப் பலருக்கு வருபவை. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது அதற்காகத்தான். பித்தப்பைக் கற்கள் உருவாகலாம். அரிதாகக் கணைய அழற்சி வரலாம். பார்வை நரம்புக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திடீரெனப் பார்வை பறிபோகும் நிலை, செமாக்ளூடைடு எடுப்பவர்களில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் வரை நேரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் அறிவித்தது. எலிகளில் காணப்பட்ட தைராய்டுக் கட்டிகளின் காரணமாக, மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ வந்தவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அவற்றின் அளவைக் குறைக்காமல் இந்த ஊசியைத் தொடங்கினால், 'லோ சுகர்' வந்து மயங்கி விழ நேரலாம்.

ஆனால் நம்மவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது தசை இழப்பு என்றே நான் கருதுகிறேன். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு குறிப்பில், லண்டன் மருத்துவர் யுட்கினும் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் எண்) ஒன்றுதான், 22.3, கொழுப்போ முன்னவருக்கு 9.1 விழுக்காடு, பின்னவருக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் நம் உடலில் தசை குறைவு, கொழுப்பு மிகுதி என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டெப்-1 ஆய்வில் ஒரு சிறு பிரிவினரின் உடலை ஸ்கேன் செய்து பார்த்தபோது, இழந்த எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொழுப்பல்லாத திசுவாக இருந்தது. அது முழுவதும் தசை இல்லைதான். ஆனாலும் கையிருப்பே குறைவாக உள்ளவர் கவலைப்பட வேண்டிய அளவு. பசி மங்கிய நிலையில் நம் வீட்டுத் தட்டில் முதலில் காணாமல் போவது பருப்பும் சுண்டலும் முட்டையும். வயிறு புரட்டும்போது கஞ்சியும் இரண்டு இட்லியும் மட்டுமே உள்ளே இறங்குகின்றன. புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் இல்லாமல் இந்த ஊசியைத் தொடர்வது, அறுபதைத் தாண்டியவர்களுக்குப் படியேறும் வலுவையே கேள்விக்குள்ளாக்கலாம்.

இனி, நிறுத்தும் நாளுக்கு வருகிறேன். ஸ்டெப்-1 ஆய்வு முடிந்து ஊசியை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. இரத்த அழுத்தம் முதலியவற்றில் கண்ட முன்னேற்றமும் பெரும்பாலும் மறைந்திருந்தது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போன்றதுதான் இது; ஏறியதற்காக நோயாளியைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால், மவுஞ்சாரோ வந்தபோது மாதத்துக்குப் பதினாலாயிரம் ரூபாயாக இருந்த செலவைப் பல ஆண்டுகள் தாங்க முடியுமா என்பதைத் தொடங்குமுன்பே கணக்கிட வேண்டும். செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான்; அதன்பின் மற்ற நிறுவனங்களும் அதைத் தயாரித்து மலிவாக விற்கலாம் என்பதால், அம்மருந்தைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு எளிதாகிறது. மருந்துச் சீட்டில்லாமல் வாங்கும் ஆசையும் கூடவே வளரும்.

என் அண்ணன் மகள், தன் திருமணத்துக்கு முன் மூன்று மாதம் மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை இதைவிடப் பொருத்தமற்ற பயன்பாடு வேறில்லை. முழு அளவை எட்டவே செமாக்ளூடைடுக்கு நான்கு மாதம் ஆகும். விரைவாக எடை குறையும்போது முடி கொட்டுவதும் கன்னம் ஒட்டிப்போவதும் உண்டு. நிறுத்தினால் எடை திரும்பும். அதைவிட முக்கியமாக, கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகவே செமாக்ளூடைடை நிறுத்த வேண்டும். டிர்செபடைடோ கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடியது. திருமணமான சில மாதங்களிலேயே விசேஷம் உண்டா என்று கேட்கும் குடும்பங்களில் இது சிறிய செய்தியன்று. அவளுக்குச் சர்க்கரையோ வேறு தொந்தரவோ இல்லை, பி.எம்.ஐ. 24தான். வேண்டாம் என்றேன், அவளுடைய மருத்துவரும் அதையே சொன்னார்.

அதே வாரத்தில், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரும் நூற்றுப்பத்து கிலோ எடையுள்ளவருமான என் நண்பரை இதய மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கச் சொல்லி நானே வற்புறுத்தினேன். அவர் இப்போது குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார். அவருக்கு அடுத்த மாதம் குடலிறக்க அறுவை சிகிச்சை இருக்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் மயக்க மருந்து கொடுக்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் உண்டு என்பதை நினைவூட்டி, மயக்க மருத்துவரிடம் ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்லும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.