வாக்கியம் அமைத்த பெண்

கரும்பலகையில் ஐந்து சொற்களை எழுதிவிட்டு, "வாக்கியம் அமையுங்கோ பிள்ளையள்" என்பார் எங்கள் தமிழ் ரீச்சர். 'அம்மா சந்தைக்குப் போனாள்' என்ற அளவில் நாங்கள் முடித்துவிடுவோம். பின்வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும் ஐந்து வாக்கியத்திலும் ஒரே அம்மாவை நடமாட விடுவாள். அதைத்தான் ரீச்சர் வாசித்துக் காட்டுவார்.

கனடாவில் 'சனாக்' நாவலைப் படித்தபோது அந்த வகுப்பு ஞாபகம் வந்தது. அதை எழுதிய மிட்டியார்ஜுக் நப்பாலுக், வடதுருவப் பக்கத்துப் பழங்குடிகளான இனுயிட் மக்களில் ஒரு பெண்மணி. 1931இல் கியூபெக் மாகாணத்தின் வடகோடியில், ஹட்சன் நீரிணைக் கரையோரக் கங்கிக்சுயுவாக்கில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீடென்பதால் தகப்பன் அவருக்கே வேட்டை பழக்கினார்.

1950களின் தொடக்கத்தில் அங்கிருந்த கத்தோலிக்கப் பாதிரிமார், தாங்கள் இனுயிட் மொழி படிப்பதற்காக, புழங்கும் சொற்களையெல்லாம் வைத்து வாக்கியங்கள் எழுதித் தரும்படி கேட்டார்கள். அவர் தனித்தனி வாக்கியங்களோடு நிற்கவில்லை. ஆட்களைப் படைத்தார், அவர்களைப் பேசவிட்டார். நாவல் ஒன்றையும் வாசித்திராதவர் நாவல் எழுதினார்!

எடுத்த எடுப்பிலேயே சனாக் என்ற விதவை, படுக்கைக்கு அடியில் விரிக்கக் குத்துச்செடிக் கிளை முறிக்கப் போகிறாள், நாயும் கூடவே. அப்புறம் மீன்பிடி, சீல் வேட்டை, பனிவீடு, மகள் குமாக்கின் குறும்பு. வெள்ளையரும் வந்து சேர்கிறார்கள். மறுமணம் செய்த கணவன் அடிப்பதையும், அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதையும் ஒளிக்காமல் சொல்கிறார். என்னைக் கேட்டால், கைவேலைகளைச் சொல்லும் இடங்கள்தான் உச்சம். செய்து பழகிய கை எழுதியது என்று வரிக்கு வரி தெரிகிறது.

1960களில் பெர்னார்ட் சலதான் டாங்ளூர் என்ற மானிடவியலாளர் அந்தக் கையெழுத்துப் பிரதியில் அக்கறை எடுத்தார். அப்படியும் இனுயிட் அசையெழுத்தில் நூலாக வர 1984 ஆகிவிட்டது. 2002இல் பிரெஞ்சிலும் 2014இல் ஆங்கிலத்திலும் வந்தது. 2000இல் மிட்டியார்ஜுக்கிற்கு மக்கில் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது, 2004இல் கனடாவின் உயர் விருதும் கிடைத்தது. 2007இல் காலமானதால் ஆங்கிலப் பதிப்பை அவர் காணவில்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை.

நாவலில் 48 சிறு அத்தியாயங்கள். உயர்வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தாராளமாக வாசிக்கலாம். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த நாட்டின் பழைய குடிகளை, அவர்களில் ஒருத்தியே சொல்லிக் கேட்பது வேண்டும்.