ஆயிரம் டீ போட்டேன், வாலட்டில் பூஜ்யம்

ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் 1 சதவீத டி.டி.எஸ். சேர்ந்துகொண்டது. அதன் பிறகு ஒருவர் இருவராக வாடிக்கையாளர்கள் தங்களிடம் இருக்கும் டோக்கன்களின், அதாவது கிரிப்டோ நாணயங்களின், பட்டியலோடு வரத் தொடங்கினார்கள். ஒருவர் பட்டியலை நீட்டி, "இதில் எது நிஜம் சார்?" என்று கேட்டார். வரியைப் போடத் தெரிந்த எனக்கு, எதற்கு வரி போடுகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. நாமே ஒன்றைச் செய்து பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

"இருபது நிமிடத்தில் உங்கள் சொந்த நாணயம்" என்று சொல்லும் காணொளிகள் ஏராளம். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை. நிரலை எழுத இருபது நிமிடம் போதும்தான்.

எதற்கு டோக்கன் என்று யோசித்தபோது கண்ணில் பட்டது அலுவலகத்து டீக்கணக்கு. கீழே இருக்கும் கடையில் எங்கள் பெயரில் ஒரு நோட்டு ஓடுகிறது. ஒரு டோக்கன், ஒரு டீ. பெயர் 'டீ'. பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் முன்பே சொல்லிவிட்டேன்.

ஒரு கணக்குப்பிள்ளைக்கு இதில் முதலில் வரும் ஆனந்தம், டோக்கன் என்பது வெறும் பேரேடு என்று தெரிவதுதான். எத்தீரியம் என்ற பொது வலையில் நாம் ஏற்றும் நிரலுக்கு ஒப்பந்தம் என்று பெயர். அதற்குள் ஒரு பக்கம் முகவரி, அதாவது அந்த வலையில் ஒருவரின் கணக்கு எண்; எதிரே ஓர் எண். 'டிரான்ஸ்ஃபர்' என்றால் ஒருவர் கணக்கில் பற்று, இன்னொருவர் கணக்கில் வரவு. நாணயங்களைக் காட்டும் வாலட் என்ற செயலிக்குள் எதுவும் போய் உட்காருவதில்லை. அங்கே இருப்பது அந்தப் பேரேட்டில் கையெழுத்துப் போடுவதற்கான சாவி மட்டும். எல்லாப் பேரேடுகளும் ஒரே மாதிரி கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று 2015 நவம்பரில் ஃபேபியன் ஃபோகல்ஸ்டெல்லர் முன்வைத்த தரம்தான் ஈ.ஆர்.சி.-20. மொத்தம் எவ்வளவு, இவரிடம் எவ்வளவு, அனுப்பு, என் சார்பில் இன்னொருவர் எடுக்க அனுமதி கொடு என்று ஆறு செயல்பாடுகள், இரண்டு அறிவிப்புகள். அதனால்தான் எவனோ எழுதிய டோக்கனை எந்த வாலட்டும் படிக்கிறது.

ரீமிக்ஸ் என்ற தளத்தை உலாவியிலேயே திறந்து எழுதலாம்; எதையும் நிறுவ வேண்டாம். முதல் ஞாயிறு நானே பேரேட்டை எழுதிப் பார்த்தேன். இருப்பை மீறி அனுப்பினால் என்ன ஆகும் என்று சோதித்தேன். பரிவர்த்தனை அப்படியே திரும்பி வந்தது. ஒப்பந்தங்களை எழுதும் மொழியான சோலிடிட்டியின் 0.8 பதிப்பிலிருந்துதான் இந்தப் பாதுகாப்பு தானாக வருகிறது. அதற்கு முன்பு எண் வரம்பைத் தாண்டினால் பழைய கார் மீட்டர் போலச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 2018 ஏப்ரலில் பெக் என்ற டோக்கனில் ஒருவர் செய்தது இதைத்தான்: இரண்டு முகவரிகளுக்கு, ஆளுக்கு 2-இன் 255-ஆம் அடுக்கு அளவு அனுப்பச் சொன்னார். ஒப்பந்தம் ஆள் எண்ணிக்கையையும் அளவையும் பெருக்கியது; வரம்பைத் தாண்டியதால் விடை பூஜ்யம். "பூஜ்யம்தானே, இருப்பு இருக்கிறது" என்று அனுப்பிவிட்டது. இதைப் படித்த இரவே நானே எழுதிய பேரேட்டை மூடிவிட்டு, பலர் சோதித்த ஆயத்த நிரல் தொகுப்பான ஓபன்செப்பலின் நூலகத்துக்கு மாறினேன்.

அங்கே வேறு தொல்லை. காணொளியில் இருந்தபடியே எழுதினாலும் சிவப்புக் கோடு விழுந்தது. அவர்கள் நூலகத்தின் 4-ஆம் பதிப்பை வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு வந்து இறங்கியது 5. அதில் உரிமையாளர் யார் என்று தொடக்கத்திலேயே நாம் முகவரி கொடுத்தாக வேண்டும். ஒரு வரிக்காக ஒரு மாலை போயிற்று.

அடுத்து சோதனைப் பணம். நிஜக் காசில்லாமல் பழகுவதற்கென்றே சோதனை வலைகள் இருக்கின்றன. காணொளிகள் சொன்ன ராப்ஸ்டன், ரிங்கபி, கோயர்லி மூன்று சோதனை வலைகளும் மூடப்பட்டுவிட்டன, இப்போது செப்போலியா. அதற்கான இலவச ஈதரை, அதாவது அந்த வலையின் நாணயத்தை, தரும் தளங்களுக்கு ஃபாசெட், அதாவது குழாய், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர். குடத்தோடு குழாயடியில் நிற்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஒரு குழாய், நிஜ வலையில் கொஞ்சம் ஈதர் வைத்திருப்பவருக்குத்தான் தருவேன் என்றது. இன்னொன்று நம் கணினியையே கணக்குப் போட வைத்து, அதற்குக் கூலியாகத் தந்தது. மின்விசிறி அலற, மடிக்கணினி அரை மணி நேரம் உழைத்துக் கொண்டுவந்தது. இதற்கென்று தனி மெட்டாமாஸ்க் வாலட்டும் திறந்துகொண்டேன். காசு இருக்கும் வாலட்டில் யாரும் இந்த விளையாட்டை விளையாட வேண்டாம்.

ஏற்றும்போது ரீமிக்ஸின் பட்டியலில் என் ஒப்பந்தத்தோடு நூலகத்தின் துணை ஒப்பந்தங்களும் வரிசையாக நிற்கும். தவறானதைத் தேர்ந்தெடுத்து, ஏன் ஏறவில்லை என்று நானும் திகைத்தேன். சரியானதைத் தேர்ந்து, வலைக்குத் தரும் கேஸ் என்ற கட்டணத்துக்குச் சம்மதம் சொன்னதும் சில நொடிகளில் ஏறிவிட்டது. முகவரியை மெட்டாமாஸ்கில் ஒட்டினேன். 1000 டீ போட்டிருந்தேன். இருப்பு: 0.

மூன்று முறை புதுப்பித்தேன். 0. வலையில் நடப்பதை எல்லோருக்கும் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் போய்ப் பார்த்தால் மொத்த அளவு 0.000000000000001 என்று இருந்தது.

சோலிடிட்டி தசமப் புள்ளியை வைத்துக் கணக்குப் போடாது. ரூபாயைப் பைசாவாகவே எழுதி வைத்து, காட்டும்போது மட்டும் புள்ளி வைப்பது போன்ற ஏற்பாடு. ரூபாய்க்கு இரண்டு இடம், ஈதருக்குப் பதினெட்டு. நாம் வேறு சொல்லாவிட்டால் நூலகமும் பதினெட்டையே எடுத்துக்கொள்ளும். ஆக நான் போட்டது ஆயிரம் டீ இல்லை, டீயின் ஆயிரம் அணுக்கள். வழக்கமாக எண்ணைப் பத்தின் 18-ஆம் அடுக்கால் பெருக்கி எழுதுவார்கள். எங்கள் கடையில் அரை டீ கிடையாது என்பதால் நான் தசம இடத்தையே 0 என்று மாற்றிவிட்டேன். மாற்றினேன் என்றால், புதிதாக ஒன்றை ஏற்றினேன். ஏறிய ஒப்பந்தத்தில் அடித்துத் திருத்த வழியில்லை.

இரண்டாவது டோக்கனில் எண்கள் அழகாக நின்றன. மூலநிரலை ஈதர்ஸ்கேனில் சரிபார்க்கக் கொடுத்து, ஆப்டிமைசேஷன் அமைப்பு பொருந்தவில்லை என்று இரண்டு முறை திருப்பப்பட்டு, மூன்றாம் முறை பச்சை அடையாளம் வாங்கினேன். பெருமையாக அலுவலகத்தில் காட்டினேன். மறுநாள் காலை எங்கள் ஜூனியர் பெண் வந்து, "சார், என் கணக்கில் ஒரு கோடி டீ இருக்கிறது" என்றாள். புதிய டீ சேர்க்கும் 'மின்ட்' செயல்பாட்டைப் பொதுவில் வைத்திருந்தேன். உரிமையாளர் மட்டும் என்ற ஒற்றைச் சொல்லை விட்டிருந்தேன். அவள் நிரலைப் படித்துவிட்டுத் தன் கணக்கில் தானே வரவு வைத்துக்கொண்டாள். ஒரு நிறுவனத்தின் ரசீதுப் புத்தகத்தைத் தெருத் திண்ணையில் வைத்துவிட்டு வந்ததற்குச் சமம். ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்துகொண்டு!

மூன்றாவது டோக்கனில் அந்தச் சொல்லைச் சேர்த்தேன். அவள் மறுபடி முயன்று, பரிவர்த்தனை தோற்றதைப் படம் எடுத்து அனுப்பினாள். "அப்படியானால் இப்போது நீங்கள் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், இல்லையா சார்?" என்றும் கேட்டாள். ஆமாம். உரிமையைத் துறக்க ஒரு செயல்பாடு இருக்கிறது. துறந்தால் பிறகு யாருமே புதிய டீ போட முடியாது. நான் துறக்கவில்லை.

பெயருக்கு எந்த மதிப்பும் இல்லை என்பதையும் இந்தக் கட்டத்தில்தான் உணர்ந்தேன். 'டீ' என்ற பெயரில் மூன்று ஒப்பந்தங்கள் என்னுடையவையே இருக்கின்றன. நாளை நானே உலகறிந்த ஒரு நாணயத்தின் பெயரையும் குறியீட்டையும் வைத்து இன்னொன்றை ஏற்றலாம், வலை தடுக்காது. இப்போதெல்லாம் பட்டியலோடு வருபவரிடம் பெயரைக் கேட்பதில்லை, ஒப்பந்த முகவரியைத்தான் கேட்கிறேன். "எது நிஜம்" என்று கேட்டவரின் பட்டியலில், தெரிந்த பெயரைச் சுமந்த ஒன்று வேறு முகவரியில் இருந்து வந்தது. அவர் முகம் வாடிப்போயிற்று.

டீக்கடைக்காரர் நோட்டைவிட்டு மாறச் சம்மதிக்கவில்லை. "தப்பாக எழுதினால் அடித்துக்கொள்ளலாம் தம்பி" என்றார். அந்த வாரமே எங்கள் சீனியர் ஒருவர் எனக்கு அனுப்ப வேண்டிய 6 டீயை, முகவரியை மாற்றி ஒட்டி, டோக்கன் ஒப்பந்தத்துக்கே அனுப்பிவிட்டார். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு எதிர்ப்பதிவு போட்டால் முடிந்தது. இங்கே அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடச் சாவி யாரிடமும் இல்லை. வெளியே எடுக்க வழி வேண்டுமென்றால் ஏற்றுவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. ஈதர்ஸ்கேனில் போய்ப் பார்த்தால் அந்த 6 டீ இன்றும் அப்படியே நிற்கிறது. ஆறிப்போயிருக்கும்.