ஆம்பள நர்சுக்குப் பெண் தேடிய கதை

எனக்குப் பெண் தேட ஆரம்பித்தபோது சாதகத்தில் ஒரு வில்லங்கமும் இல்லை. சுத்த சாதகம் என்று ஜோசியரே சொல்லிவிட்டார். வில்லங்கம் வேலையில் இருந்தது. வீரவநல்லூர் பக்கம் எங்கள் ஊர். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்ஸி. நர்சிங் நாலு வருஷம், அப்புறம் சென்னையில் இருக்கிற நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு, அப்புறம் வேலை. அந்தக் கவுன்சில் 1926ஆம் வருஷச் சட்டத்தின்படி வந்தது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மெடிக்கல் காலேஜ் வந்து (1965) அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பேர் போன ஊர்தான் அது. ஆனாலும் ‘பையன் நர்ஸ்’ என்றதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்கள்.

பயோடேட்டா எழுத உட்கார்ந்த அன்றே அம்மா ஆரம்பித்தாள். “எய்யா, கம்பவுண்டர்னு போட்டுருவோமா?”

தரகர் அண்ணாச்சி அதைவிட ஒரு படி மேலே போனார். “மெடிக்கல் லைன்னு மொட்டையா போடுங்க தம்பி. மெடிக்கல் ஷாப்பா, ரெப்பான்னு அவியளே நெனச்சிக்கிடட்டும்.”

நான் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்றுதான் போடவேண்டும் என்று நின்றேன். கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் விசாரிப்பு என்றால் போலீஸ் விசாரணை மாதிரி. ஊர் டீக்கடை, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் செக்யூரிட்டி, கேண்டீன்காரர் வரைக்கும் கேட்பார்கள். பொய் ரெண்டு நாள் தாங்காது.

போட்டோ போகும், சாதகம் பொருந்தும், பெண் வீட்டுக்காரர் போனில் நல்லபடியாகவே பேசுவார். விசாரிப்புக்குப் பிறகு சத்தம் இருக்காது. அம்மா ரெண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தரகரை நச்சரிப்பாள். ‘சம்பளம் காணாதுன்னு சொல்லுதாவ’, ‘நைட் டூட்டி இருக்குன்னு யோசிக்காவ’ என்று பதில் வரும். அதில் உண்மையும் இருந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சம்பளம் என்ன என்று ஊருக்கே தெரியும், அதை நான் மறைத்துப் பிரயோஜனம் இல்லை. ஆனால் நிஜக் காரணம் கொஞ்ச நாள் கழித்து வேறு வாய் வழியாக வரும். ஒரு தடவை மைனி வழியாக வந்தது. “பையன் ஒரு மாதிரின்னு யாரோ சொல்லிட்டாவளாம்.”

யாரும் எதையும் பார்த்துச் சொல்லவில்லை. பெண்கள் செய்கிற வேலையை ஒரு ஆம்பளை விரும்பிப் படித்திருக்கிறான் என்றால் அவனிடம் ஏதோ குறை இருக்கும், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கில் ஆண்மைக்குறைவு, ஆணை விரும்புகிற ஆண், திருநங்கை எல்லாம் ஒரே சாக்கில் கிடக்கும். முதலாவது உடம்பின் செயல்பாடு பற்றியது. ரெண்டாவது யார் மேல் ஆசை வருகிறது என்பது. மூன்றாவது தன்னை யாராக உணர்கிறார் என்பது. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்ல முடியாது. இந்த மூன்றில் எதுவுமே ஒருவர் பார்க்கும் வேலையிலிருந்து வருவதும் இல்லை. இதை முதல் வருஷ மாணவனுக்குச் சொன்னால் புரிந்துகொள்வான். பெண்ணின் பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் அவர் நம்மை உட்காரச் சொல்ல வேண்டும்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடமும் உண்டு. ‘பையன் ஆம்பளையே இல்லை’ என்று சந்தேகப்பட்ட அதே வீட்டில் இருந்து, ‘பொம்பள வார்டுல எல்லாம் போவானாமே, கை சும்மா இருக்குமா’ என்றும் கேட்டார்கள். ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்களேன் என்றிருந்தது! படிக்கும்போதே இதைப் பார்த்தாயிற்று. பிரசவ வார்டு போஸ்டிங் எங்களுக்கும் உண்டு, கேஸ் புக் நிரம்ப வேண்டும். கூட இருக்கும் ஆச்சிமார் ‘இந்தப் பயல வெளிய போகச் சொல்லுங்க’ என்று கத்துவார்கள். நோயாளி வேண்டாம் என்றால் வெளியே நிற்பதுதான் முறை, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அரை மணி கழித்து ஆண் டாக்டர் உள்ளே போவார், அதே ஆச்சி எழுந்து நின்று கும்பிடுவாள். டாக்டர் தொட்டால் வைத்தியம், நர்ஸ் தொட்டால் வேறு ஏதோ. தொடுவது என்றாலே அந்த விஷயம்தான் என்று நினைத்துவிட்டால் இப்படித்தான் ரெண்டு பக்கமும் அடி விழும்.

ஒரு சம்பந்தத்தில் பெண்ணின் தாய்மாமா நேரில் விசாரிக்க ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். யாரென்று சொல்லவில்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அட்மிட் ஆகியிருந்தார், அவரைப் பார்க்க வந்தவர் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி எனக்கு ஆண்கள் வார்டு. எண்பது வயசை நெருங்கிய தாத்தா ஒருவருக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டு அடிவயிறு கல் மாதிரி இருந்தது. சிஸ்டர் வந்தால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “பிரதரக் கூப்பிடு தாயி” என்று ஒரே பிடிவாதம்.

ஸ்கிரீனை இழுத்துவிட்டு, கை கழுவி, ஸ்டெரைல் கிளவுஸ் போட்டு, பீட்டாடைன் வைத்துத் துடைத்து, மரத்துப்போகிற ஜெல்லியை ஏற்றிவிட்டு, சில நிமிஷம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் தாத்தாவுக்கு வலியில் உயிர் போகும். அந்த நேரத்தில் நான் அவரிடம் நெல் அறுப்பு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினாறாம் நம்பர் ஃபோலி, அதாவது மூத்திரம் எடுக்கும் குழாய். உள்ளே போகும்போது பிராஸ்டேட் கிட்ட ஒரு தடங்கல் வரும். அங்கே தள்ளக்கூடாது, ‘பெருமூச்சு விடுங்க தாத்தா’ என்று சொல்லிவிட்டு மெதுவாக விட்டால் போய்விடும். மூத்திரம் வந்ததைப் பார்த்த பிறகுதான் பலூனில் தண்ணீர் ஏற்ற வேண்டும். எல்லாம் முடிந்த பின் பின்னுக்குத் தள்ளிய முன்தோலைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பல பேர் மறக்கிற இடம் அது. விட்டால் வீங்கி, தாத்தா மறுநாள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். பை நிறைய ஆரம்பித்ததும் தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ராசா, நீ நல்லாயிருப்ப” என்றார்.

வெளியே வந்தபோது அந்தத் தாய்மாமா கேட்டார்: “தம்பி, இதெல்லாம் நீங்கதான் செய்யணுமா? ஒரு மாதிரியா இருக்காதா, இன்னொரு ஆம்பளயத் தொடுததுக்கு?”

“அவருக்கு வலிக்குதான்னு பாக்கத்தான் அண்ணாச்சி நேரம் இருக்கும்” என்றேன். தலையாட்டினார். மறுநாள் தரகரிடம் ‘சரிப்பட்டு வராது’ என்று சொல்லிவிட்டார். தாத்தாவின் ஆசீர்வாதம் அந்த இடத்தில் பலிக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் உச்சம். சாதகம் எல்லாம் பொருந்திய ஓர் இடம். தரகர் போனில் குரலைத் தாழ்த்தி, “தம்பி தப்பா நெனைக்கப்பிடாது, ஒரு செக்கப் பண்ணி சர்ட்டிபிகேட் குடுத்துட்டா ஜோலி முடிஞ்சிரும்னு சொல்லுதாவ” என்றார். எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் வந்தது. போலீஸ் கேஸ்களில் ஃபோரன்சிக் டாக்டர்கள் கொடுக்கும் ஆண்மைச் சான்றிதழின் வாசகம் எனக்குத் தெரியும். ‘இவர் உடலுறவுக்குத் தகுதியற்றவர் என்று கருத எதுவும் இல்லை’ என்பதுதான் அதன் சாரம். அதற்கு மேல் எந்த டாக்டரும் எழுத மாட்டார். பழைய முறையில் எடுக்கும் அந்தப் பரிசோதனையையே போலீஸ் கேஸ்களில் நிறுத்தச் சொல்லி 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. சரி, எழுதி வாங்கினாலும் எனக்கு யாரைப் பிடிக்கும் என்பது அதில் எங்கே இருக்கும்? ரத்தத்திலா, ஸ்கேனிலா? “சுகர், பிரஷர், ஹெச்.ஐ.வி. எல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கிடுவோம் அண்ணாச்சி, அது நல்லது. இந்த சர்ட்டிபிகேட் உலகத்துலயே கிடையாது” என்றேன். அந்த இடமும் போனது.

என் மாமா ஒருவர் இதற்கு ஒரு வழி சொன்னார். “மாப்ள, நாலு பேரு முன்னாடி நெஞ்ச நிமித்திச் சொல்லு, நர்ஸ் பயக்க யாரும் அப்பிடிக் கெடையாதுன்னு.”

அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் செட்டில் ஒருவன் இருந்தான். ஆணைத்தான் விரும்புகிறவன். மூன்றாம் வருஷம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் என்னிடம் சொன்னான், வேறு யாருக்கும் தெரியாது. குழந்தைகள் வார்டில் நரம்பு கிடைக்கவில்லை என்றால் டாக்டர்களே அவனைத்தான் கூப்பிடுவார்கள், அப்படி ஒரு கை. ‘நாங்கள் யாரும் அப்படி இல்லை’ என்று நான் நெஞ்சை நிமிர்த்தினால் அந்த அடி அவன் மேல் விழும். அவனைப் போன்றவர்கள் எல்லா வேலையிலும் இருக்கிறார்கள். வங்கியில், லாரியில், போலீசில். அங்கெல்லாம் யாரும் வேலையைக் கேட்டதும் சந்தேகப்படுவதில்லை. 2018ல் உச்ச நீதிமன்றம் ஆணும் ஆணும் விரும்பிச் சேர்வது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. 2021ல் சென்னை உயர் நீதிமன்றம், ‘மாற்றிக் குணப்படுத்துகிறேன்’ என்று யாரும் வைத்தியம் பார்க்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அவனை இழிவுபடுத்தி என் கல்யாணத்தை முடிக்க எனக்கு இஷ்டமில்லை.

ஆகவே கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தேன். “எனக்குப் பொண்ணுங்களத்தான் புடிக்கும், கல்யாணம் பண்ணணும்னு ஆசையாவும் இருக்கு. கூட வேலை பாக்குறவங்களப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க.” மாமாவுக்கு இந்தப் பின்பாதி பிடிக்கவே இல்லை. ‘வம்பை விலைக்கு வாங்குதான்’ என்று அம்மாவிடம் புகார் சொன்னார்.

வீட்டில் வாதாடுவதற்காகக் கொஞ்சம் சரித்திரமும் சேர்த்து வைத்திருந்தேன். இங்கிலாந்தில் 1919ல் நர்ஸ்களுக்குச் சட்டம் போட்டபோது ஆண்களுக்குத் தனிப் பதிவேடு வைத்தார்கள். அங்கே ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் ஆண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1960ல்தான். ஆண்கள் இல்லாமல் போனதற்கு அவர்கள் விருப்பமின்மை மட்டும் காரணமில்லை, கதவையே அப்படி வைத்திருந்தார்கள். இங்கேயும் எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் வேலையில் நூற்றுக்கு 80 பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு என்று 2019ல் முடிவு செய்தார்கள். நர்ஸ்களின் காவலராகக் கத்தோலிக்கர்கள் கும்பிடும் புனித கமில்லஸ் ஓர் ஆண். போர்வீரர், பெரிய சூதாடி, அதன் பிறகு நோயாளிகளுக்கு ஊழியம் செய்தவர். இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்டாள்: “அவருக்குக் கல்யாணம் ஆச்சா?”

அவர் துறவி. அதோடு அந்த வாதம் முடிந்தது.

கடைசியில் அமைந்த இடம் ஆலங்குளம் பக்கம். பஜ்ஜி, கேசரி, பெரியவர்கள் மழை நிலவரம் பேசுவது எல்லாம் வழக்கம் போல. பெண் என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டாள். முற்றத்தில் நின்றுகொண்டு சுற்றி வளைக்காமல் கேட்டாள்: “உங்களுக்கு உண்மையிலேயே இஷ்டமா, இல்ல வீட்டுல கட்டாயப்படுத்துதாங்களா?”

இஷ்டம்தான் என்றேன். நர்ஸ் வேலையைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்றும் கேட்டேன்.

“சொன்னாங்க. ஆனா நான் அதுக்காகக் கேக்கல. எங்க சித்தி மகள ஒருத்தருக்குக் கட்டிக் குடுத்தாங்க. அவருக்குப் பொண்ணுங்க மேல ஆசையே கிடையாதாம், வீட்டுல சொல்ல பயந்து தாலி கட்டிட்டாரு. ரெண்டு பேரு வாழ்க்கையும் போச்சு. அவரு இன்ஜினியர். அவர யாரும் விசாரிக்கவே இல்ல.”

எத்தனையோ பெரியப்பாக்கள், தாய்மாமாக்கள் விசாரித்தும் கேட்காத கேள்வியை இவள் கேட்டுவிட்டாள். குறுக்குத்துறை முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. பயோடேட்டாவில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று இருந்தது பத்திரிகையிலும் அப்படியே வந்தது. தரகர் கமிஷன் வாங்கும்போது, “உங்களுக்கு முடிச்சதுக்கு டபுளா குடுக்கணும் தம்பி” என்றார். கொடுக்கவில்லை.

அந்த நண்பன் கல்யாணத்துக்கு வந்திருந்தான். இப்போது வெளிநாட்டில் வேலை, கை நிறையச் சம்பளம். அங்கே யாருடன் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. போன வாரம் அவன் அம்மா போன் போட்டு, “எய்யா, ஒனக்குப் பாத்த தரகர் நம்பர் குடு, இவனுக்கும் பாக்கணும்” என்றார்கள். அவனுக்கு இஷ்டமா என்று அவனிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் பாருங்கள் என்றேன். “அவன்கிட்ட என்ன கேக்க” என்றார்கள். நம்பரை இன்னும் கொடுக்கவில்லை. நாளைக்கும் கூப்பிடுவார்கள்.