பேசிக்கொண்டிருக்கும் குழந்தை

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, காய்ச்சலோடு வந்து தெளிவாகப் பேசும் குழந்தைதான் சில சமயம் அதிகப் பயத்தைத் தரும். மெனிஞ்சோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் பெருகி, கடுமையான செப்சிஸில் (தொற்றை எதிர்க்கும் உடலே தன் உறுப்புகளைக் கெடுக்கும் நிலை) இருக்கும் குழந்தை பெயர் கேட்டால் சொல்லும், தண்ணீர் கேட்கும். கழுத்து விறைப்பு இருக்காது. இந்தக் கிருமி என்றாலே மூளைக்காய்ச்சல்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் மூளை உறைக்குப் போகாமல் ரத்தத்திலேயே வெறியாட்டம் ஆடும்போதுதான் உயிரிழப்பு அதிகம்.

ரத்த அழுத்தமும் ஏமாற்றும். குழந்தையின் உடல் ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக ஓடவிட்டு, அழுத்தத்தைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கும். அது இறங்கிய பிறகு நமக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால் மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள் என்று புதிதாக வரும் டாக்டர்களிடம் சொல்வேன். உடம்பு கொதிக்கும், பாதம் சில்லென்று இருக்கும். நெஞ்செலும்பின் மேல் 5 விநாடி அழுத்திவிட்டு விரலை எடுத்தால், நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆகும். கால் வலிக்கிறது, நடக்க மாட்டேன் என்று அழும் குழந்தையும் உண்டு. தோலில் தடிப்பு தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே இவையெல்லாம் வந்துவிடலாம்.

தடிப்பைத் தேட, உடையை முழுவதும் கழற்றித்தான் ஆக வேண்டும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள். கருத்த தோலில் அவை எளிதில் கண்ணில் படாது. உள்ளங்கை, உள்ளங்கால், இமையின் உட்புறம், அண்ணம் என்று பார்க்க வேண்டும். புள்ளிகள் நம் கண்ணெதிரே பெருகி ஒன்றோடொன்று சேர்வதைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் உறையும் ஒழுங்கே குலைந்து, நுண்குழாய்கள் அடைபடுவதன் அடையாளம் அது. விரல்களையும் கால்களையும் இழக்க வைப்பதும் அதுதான்.

அப்புறம் முதல் ஒரு மணி நேரம். மருந்து ஏற்ற ரத்தக் குழாய் கிடைக்கவில்லையா, முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி போட்டுவிடுவோம். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் உடனே போக வேண்டும். உப்புநீர் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. ஒவ்வொரு முறையும் கல்லீரல் வீங்குகிறதா, நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. தேறவில்லை என்றால், இதயத்தைத் தூண்டி ரத்த அழுத்தத்தை ஏற்றும் அட்ரினலின். ரத்தச் சர்க்கரையை மறக்கக் கூடாது. மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது இந்த நிலையில் ஆபத்து, அது காத்திருக்கலாம்.

இத்தனைக்கும் நடுவில் பெற்றோரின் ஒரு வாக்கியத்தை நான் விடுவதே இல்லை: "இவன் இப்படி இருக்க மாட்டான் டாக்டர்." எந்தப் பரிசோதனை முடிவும் வருவதற்கு முன் கிடைக்கும் தகவல் அது. கேஸ் ஷீட்டில் அவர்கள் சொன்னபடியே எழுதச் சொல்வேன்.

பிழைத்து வரும் குழந்தைகளோடு வேலை முடிவதில்லை. வீட்டில் கூடவே இருந்தவர்களுக்குத் தடுப்பு ஆன்டிபயாடிக் உடனே கொடுத்தாக வேண்டும். காது கேட்கிறதா என்ற பரிசோதனையை, குழந்தை எவ்வளவு நன்றாக ஓடியாடினாலும், வீட்டுக்கு அனுப்பிய 4 வாரங்களுக்குள் செய்துவிட வேண்டும். அந்தத் தேதியைக் குறித்துக் கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.